உப்பளத்தில் ஒரு ஷாட்

"மேடம், மகுடபதி சார்கிட்ட என்னை அவர் படத்துக்கு எடுக்க வேண்டாம்னு சொன்னீங்களா?"

உப்பளத்து வரப்பில் நின்று கேட்டான் இளம்பரிதி.

ஒளிப்பதிவாளர் ஃபிலோமினா மூன்று தேசிய விருதுகள் வாங்கியவர். எட்டு வருடங்களாக அவன் அவருடைய உதவியாளன். அவரைவிட இரண்டு வயது மூத்தவன். இயக்குநர் மகுடபதியின் படம்தான் தனியாக வேலை செய்ய அவனுக்கு வந்த முதல் வாய்ப்பு.

"ஆமா. நான்தான் சொன்னேன்."

மறுப்பார் என்று நினைத்திருந்தான்.

"ஏன் மேடம்?"

"இன்னிக்கு நீ எடு."

கேமராவைக் காட்டினார்.

யூனிட் முழுக்கப் பார்க்க என்னைத் தலைகுனிய வைக்கவா?

எட்டு வருடங்களாக அவன் சொல்லும் வெளிச்ச அளவைக் கேட்டுக்கொள்வார். பிறகு லென்ஸில் விரல் வைத்து அதைக் கொஞ்சம் மாற்றுவார். காரணம் சொன்னதில்லை. அந்த விரல்களைத்தான் அவன் எட்டு வருடங்களாகக் களவாகக் கவனித்து வந்தான்.

அன்றைய காட்சி எளியது. உப்பு வாரும் பெண்ணிடம் ஒருவர் வந்து, மகன் கடலிலிருந்து திரும்பவில்லை என்கிறார்.

ஒத்திகையில் மூன்று முறை திரும்பிப் பார்த்தான். ஃபிலோமினா நாற்காலியில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

என் தப்புகளை எண்ணுகிறார்.

"அளவு சரியா மேடம்?"

"என்னை ஏன் கேக்குற?"

"ஆக்‌ஷன்!" என்றார் இந்தப் படத்தின் இயக்குநர்.

அந்தப் பெண்ணாக நடித்த வேலம்மாள் சேதியைக் கேட்டார். அழவில்லை. கையில் இருந்த உப்பைக் கீழே போடவும் இல்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தார். விரலிடுக்கில் உப்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

மேகம் ஒன்று வந்தது. முகம் இருண்டது.

இளம்பரிதியின் விரல் லென்ஸ் வளையத்தைத் திருப்பி வெளிச்சத்தை மெல்லக் கூட்டியது. மேகம் விலகியது. விரல் மெல்லக் குறைத்தது.

"கட்!"

இயக்குநர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் இளம்பரிதிக்கு ஃபிலோமினாவின் ஞாபகம் வந்தது. சட்டென்று திரும்பினான்.

நாற்காலி காலி.

"மேடம் எங்க?"

"இங்கதான்."

அவன் தோளை ஒட்டி நின்றிருந்தார். லென்ஸில் வெயில் விழாமல் பெரிய குடை ஒன்றைப் பிடித்திருந்தார்.

"எப்ப வந்தீங்க?"

"ஆக்‌ஷன் சொல்றதுக்கு முன்னாடியே. நீ என்னைத் திரும்பிப் பாக்காம எடுக்கணும்னுதான் மகுடபதிகிட்ட இப்ப வேண்டாம்னேன்."