குட்டிக் குரல்

கருமலைக் குகையில் இருந்த சாமியாருக்கு ஒரே சிஷ்யை. பெயர் அங்கம்மா. அவரைவிட நாலு வயசு மூத்தவள்.

ஒருநாள் காலையில் துணிமூட்டையோடு அவர்முன் வந்து நின்றாள்.

“சாமி, கொழுந்தன் ஆள் அனுப்பியிருக்காரு. என் மகன் வந்துட்டானாம். காய்ச்சலாப் படுத்திருக்கானாம்.”

போர்வெல் லாரியோடு வடக்கே போன மகன். ஆறு வருஷமாக ஒரு தகவலும் இல்லை.

“போன தடவையும் இதே சேதிதானே வந்தது?”

“அதுக்கு முந்தியும் வந்துச்சு. ரெண்டும் பொய். உள்ள விட்டுப் பூட்டிட்டாங்க. மாட்டுக்கும் காட்டுக்கும் அவங்களுக்கு ஆள் வேணுமே! போன தடவை தப்பிச்சு வர எட்டு மாசம் ஆச்சு.” மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். “இது நெசமா இருந்துட்டா? போகட்டுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க.”

சாமியார் ஒரு காலத்தில் வேட்டைக்காரர். பூவரச இலை ஒன்றைப் பறித்துச் சுருட்டி, உதட்டில் வைத்து ஊதினார். பச்சைப்பிள்ளை வீறிடுவது போல ஒரு சத்தம். அங்கம்மா சட்டென்று சுற்றிலும் திரும்பிப் பார்த்தாள்.

“கரடிக்குட்டி அழுகிற சத்தம். கேட்டா பெட்டைக் கரடி வரும். ஆனா விடாம ஊதணும். நடுவுல நிறுத்தினா, எதுக்கு வந்தோம்னே மறந்துட்டுக் கரையான் புத்தைத் தோண்ட உட்கார்ந்திடும்.”

“நான் அடுப்புல பாலை வச்சுட்டு மறக்கிற மாதிரி.” அங்கம்மா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“ஒரு கரடியோட குட்டியை, வித்தை காட்டுறவனுக்கு நான்தான் பிடிச்சுக் கொடுத்தேன். மறுவாரம் ஊதினேன். தாய் வந்துச்சு. சுட்டேன். காது போச்சு, ஓடிடுச்சு. மழை முடிஞ்சு ஊதினேன். வந்துச்சு. முன்னங்கால் போச்சு.”

“அப்புறமும் வந்துச்சா?”

“நொண்டிக்கிட்டே வந்துச்சு.”

“சுட்டீங்களா?”

“சுட்டேன். அன்னிக்கோட துப்பாக்கியைப் போட்டேன்.”



“கரடிக்கு மோப்பம் ஜாஸ்தியாச்சே, சாமி. மனுச வாடை தெரிஞ்சிருக்குமே?”

“முதல் ரெண்டு தடவை நின்னு நின்னு, மூக்கைத் தூக்கி மோந்து பார்த்துத்தான் வந்துச்சு. அப்போ காத்து எனக்குச் சாதகம். மூணாந்தடவை காத்து என் பக்கமிருந்து அது பக்கம் அடிச்சுது. அது மூக்கைத் தூக்கவே இல்லை. நேரா வந்துச்சு.”

“ஏன்?”

கீழே பாறையோரம், சேதி கொண்டுவந்தவன் பீடி பிடித்துக்கொண்டு நின்றான். சாமியார் அவனைப் பார்த்தார்.

“‘எம்மகனை நீ கண்ணால பார்த்தியா’ன்னு அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா, தாயி?”

அங்கம்மா மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கி, அந்த ஆளிடம் எதுவும் கேட்காமலே அவன் பின்னால் போனாள்.