குழவிக்கல் சுழற்றிய மல்லன்

கேளுங்கள். ஒரே ஏரியை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு சிற்றரசுகள் சண்டையிட்டுவந்த காலம் அது. சித்திரைப் பௌர்ணமியன்று இரு நாட்டு மல்லர்களும் மோதுவது, வென்ற நாட்டுக்கே தண்ணீர் என்று அரசர்கள் முடிவு செய்தார்கள்.

கீழ்நாட்டு மல்லன் செங்கோடன். போட்டிக்கு மூன்று மாதம் இருந்தது.

ஒரு காலை, அரண்மனைச் சமையல் தலைவன் பூதலன் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். "நீங்கள் மல்யுத்தம் பழகும் கோதாவில் தண்ணீர் புகுந்துவிட்டது, மல்லரே. மணல் காயும்வரை ஓய்வெடுங்கள். ஒரு நாளில் என்ன குறைந்துவிடும்?"

செங்கோடன் ஓய்வெடுத்தான். ஒரு நாள் ஐந்து நாளானது. ஆறாம் நாள் கோட்டைப் படியேறியபோது மூச்சு வாங்கியது. பயந்துபோனான். மழையில்லாத மாதத்தில் கோதாவுக்குள் தண்ணீர் எப்படி வந்தது?

அடுத்த மாதம் அவன் பயிற்சிக்குச் சுழற்றும் கர்லாக்கட்டைகள் காணாமல் போயின. காவலாளிக்கே தெரியாத அந்தச் சேதியைப் பூதலன்தான் கொண்டுவந்தான். கையில் நெய் வடியும் பணியாரம். "புதுக்கட்டை கடைந்து வரட்டும். அதுவரை ஓய்வெடுங்கள்."

செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை. "காவலாளி மேல் சந்தேகம். கூட்டாளிகள் மேல் சந்தேகம். உன் அண்ணன் மேல்கூடச் சந்தேகம்" என்றான் மனைவி வேண்மாளிடம்.

"சந்தேகப்படுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு எடுக்க வேண்டிய தண்டாலை என் அண்ணனா வந்து எடுப்பான்?" என்றாள் அவள். அடுக்களையிலிருந்த பெரிய குழவிக்கல்லைக் காட்டினாள். கதவைச் சாத்திக்கொண்டு அதையே சுழற்றினான் செங்கோடன்.

மூன்றாவதாக, அரச ஓலை என்று ஒன்று வந்தது. போட்டி வரை நெற்களஞ்சியத்துக்குக் காவலிருக்க வேண்டுமாம். ஓலையைக் கொண்டுவந்தவனும் பூதலனே. "அங்கே என்ன வேலை? நன்றாக ஓய்வெடுங்கள்."

செங்கோடன் அப்போதுதான் அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தான். மூன்று தடைக்கும் முதலில் வந்து நின்றவன் இவன்தானே! கொட்டாவி விட்டான். "ஆமாம் ஐயா, உடம்பும் அசதியாகத்தான் இருக்கிறது."

களஞ்சியத்துக்குள் நெல்மூட்டைகளைத் தூக்கினான், இறக்கினான், தோளில் சுமந்து நடந்தான். பூதலனின் காலடி கேட்டால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பாயில் சுருண்டு குறட்டை விட்டான். பணியாரத்தை வாங்கிக்கொண்டான், தின்னவில்லை. அதன்பின் ஒரு நாள்கூடப் பயிற்சி தவறவில்லை.

பௌர்ணமி வந்தது. மேல்நாட்டு மல்லன் வயிறு தொங்க, சிரித்தபடி கோதாவில் இறங்கினான். ஒரு நாழிகை கழிந்ததும் அவன் சிரிப்பு நின்றது. இரண்டாம் நாழிகையில் அவன் முதுகு மண்ணில் பட்டது.

"நீ படுத்தே கிடப்பதாகச் சொன்னார்களே. அதை நம்பித்தானே நானும் பயிற்சியை விட்டேன்" என்றான் மூச்சிரைக்க.

"யார் சொன்னது?" என்றான் செங்கோடன், பிடியைத் தளர்த்தாமல்.

விழுந்தவன் கண்கள் அரச மேடைப் பக்கம் திரும்பின. அங்கே கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூதலன் வேகமாக நழுவிக்கொண்டிருந்தான். மேல்நாட்டுக்காகச் சூழ்ச்சி செய்தவனைக் காவலர்கள் வழிமறித்தார்கள். அந்தக் கோடையில் கீழ்நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் பாய்ந்தது.

ஆகையால், தடை யாரால் வந்தாலும் அன்றன்றைய பயிற்சியை அன்றன்றே செய்பவனை எந்தச் சூழ்ச்சியாலும் வீழ்த்த முடியாது.