வேர்த்த பெட்டி

பயப்படாமல் இருப்பது எப்படி என்று ஜெசிந்தா கேட்டபோது, அல்போன்சா டீச்சர் கேக் பெட்டியின் ஓரங்களில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

கேக் வகுப்பு நடத்தும் டீச்சருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சிஷ்யைக்கு ஐம்பது நெருங்கிவிட்டது. இவள் அவளை டீச்சர் என்பாள், அவள் இவளை அக்கா என்பாள்.

"முதல்ல அந்தக் கத்தரிக்கோலை எடுங்கக்கா."

ஜெசிந்தா எடுத்துக் கொடுத்தாள்.

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. கொழுந்தன் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குத்தான் அவள் முதன்முதலில் கேக் செய்தாள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு பெட்டியைத் திறந்து மேஜையில் வைத்தாள். வெக்கை பட்டதும் கேக் முழுக்க முத்து முத்தாய் வேர்த்தது. சர்க்கரை ரோஜாக்களின் சிவப்பு கரைந்து தட்டுவரை ஒழுகியது. "கேக்கு அழுவுதுல்லா" என்றாள் புருஷனின் அக்கா, லூர்து மதினி. அந்தச் சொல் தெரு முழுக்கச் சுற்றி வந்தது.

அந்தப் பயத்தில் அடுத்த கேக்கை அவள் ஃப்ரிட்ஜ் பக்கமே கொண்டுபோகவில்லை. ரோஜாக்கள் அம்சமாக இருந்தன. உள்ளே க்ரீம் புளித்துப்போயிருந்தது.

இது மூன்றாவது. லூர்து மதினி மகளின் கல்யாணக் கேக். "அத்தைதான் செய்யணும்" என்று கல்யாணப்பெண் ஒற்றைக்காலில் நின்றதால் வந்த வாய்ப்பு. இதுவும் கெட்டால் இனி அடுப்பைத் தொடுவதில்லை என்று ஜெசிந்தா மாதாவிடம் சொல்லிவிட்டாள்.

"உள்ள இருக்கிற மாம்பழ க்ரீமுக்குக் குளிர் வேணும். மேல இருக்கிற பூவுக்குக் குளிரும் வெக்கையும் மாறி மாறிப் பட்டா ஆகாது. நான் எதுக்குன்னு பயப்பட, டீச்சர்?"

டீச்சர் பெட்டிமேல் பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றினாள். தூக்கி ஃப்ரிட்ஜில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"வீட்டுக்குப் போய்த் தூங்குங்கக்கா."

மறுநாள் பெட்டியை மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. மணப்பெண் அறையில் மட்டும் ஏசி ஓடியது. அங்கே மேஜைமேல் வைத்துவிட்டு ஜெசிந்தா கையைப் பார்த்தாள். சொட்டச் சொட்ட ஈரம்.

"போச்சு டீச்சர். வேர்க்குது."

"பெட்டிதான வேர்க்குது?"

"ஒரேயொரு தடவை திறந்து பாத்துக்கிடுதேன்."

"கேக்குக்காகவா, உங்களுக்காகவா?"

ஜெசிந்தாவின் நகம் டேப்பின் நுனியில் நின்றது. பிறகு கீழே இறங்கியது.

லூர்து மதினி பட்டுச்சேலை சரசரக்க உள்ளே வந்தாள். "டவல் கொண்டாந்திருக்கியா ஜெசிந்தா? கேக்குக்கு மூஞ்சி துடைச்சு விடணுமே."

"நல்லவேளை கேட்டீங்க ஆண்ட்டி, நாங்க மறந்துட்டோம்" என்றாள் டீச்சர். வேர்வை துடைக்க மதினி தோளில் போட்டிருந்த பூத்துவாலையை மெல்ல உருவி, மேஜையில் தேங்கிய தண்ணீரைத் துடைத்தாள். மதினி வெறும் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்போ திறந்து காட்டு, பாப்போம்."

"மேல ஈரம் காயட்டும் ஆண்ட்டி."

"பங்குச் சாமியார் வந்தாச்சு. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"காத்திருக்கட்டும்."

டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். கூப்பிட வந்த ஒவ்வொருவரையும் சிரித்துத் திருப்பி அனுப்பினாள். ஜெசிந்தா ஜெபமாலையை உருட்டினாள். எந்த மணியில் நிற்கிறாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

பிளாஸ்டிக் தாளில் துளிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. கடைசித் துளியும் மறைந்ததும் டீச்சர் தாளைத் தடவிப் பார்த்தாள். கத்தரிக்கோலை நீட்டினாள்.

"இப்ப வெட்டுங்கக்கா."

ஜெசிந்தா தாளை வெட்டி மூடியைத் தூக்கினாள்.

ஒரு ரோஜாகூட அசையவில்லை. இதழ்களின் ஓரம் காய்ந்த காகிதம்போல விறைத்து நின்றது. சிவப்பு தன் இடத்தில் இருந்தது. கல்யாணப்பெண் நகை குலுங்க ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள்.

கேக்கை மண்டபத்துக்குள் நாலு பேர் சுமந்து போனபோது பேண்டுக்காரர்கள் யாரும் சொல்லாமலே வாசிக்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்று கை தட்டினார்கள். கத்தி இறங்கிய இடத்தில் மாம்பழ மஞ்சள் தெரிந்தது. லூர்து மதினி ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள். தட்டை மறுபடி நீட்டினாள்.

"இன்னொரு பீஸ் வை. பூ இருக்கிற பக்கமா."

ஜெசிந்தா பூ இருக்கிற பக்கமாகவே வெட்டி வைத்தாள்.

கூட்டம் பந்திக்குப் போன பிறகு டீச்சரைத் தேடி மணப்பெண் அறைக்கு வந்தாள்.

"நேத்து கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல. இவ்வளவு நேரமும் உங்க முகத்துல ஒரு கலக்கம் இல்ல. உங்களுக்குப் பயமே வராதா டீச்சர்?"

பையை எடுக்க டீச்சர் திரும்பினாள். அந்தக் குளிர் அறையிலும் அவள் ரவிக்கையின் முதுகு தோளிலிருந்து இடுப்புவரை நனைந்து ஒட்டியிருந்தது. ஜெசிந்தாவின் கை தானாக நீண்டு அந்த ஈரத்தைத் தொட்டது.

"பெட்டியையும் தொட்டுப் பாத்தீங்கல்ல அக்கா?" என்றாள் டீச்சர்.