பஞ்சு போன்ற கிளட்ச்

சூலூருக்கு வெளியே, தறிக்கூடங்கள் முடிந்து சோளக்காடுகள் தொடங்கும் இடத்தில் ஜெனிட்டாவின் பட்டறை இருந்தது. பந்தயக் கார்களைப் பழுதுபார்ப்பதோடு அவற்றை ஓட்டவும் அவர் கற்றுக்கொடுத்தார். வயது முப்பத்தாறு. அவரிடம் பயின்றவர்களில் மூத்தவர் நாச்சிமுத்து. ஐம்பத்து நான்கு வயது, பம்புசெட்டு ஆலையின் முதலாளி. தம்மைவிடப் பதினெட்டு வயது இளையவரை அவர் "டீச்சர்" என்றே அழைத்தார். ஜெனிட்டா அவரை "அண்ணா" என்பார். ஆனால் பாடம் நடக்கும்போது அந்த அண்ணனுக்குச் சலுகை ஏதும் கிடைத்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை நாச்சிமுத்து தம் சிவப்புக் காரைப் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டே இருக்கைகள் கொண்ட வண்டி அது. இறங்கும்போது இடது முழங்காலைக் கையால் தூக்கி வெளியே வைத்தார். ஜெனிட்டா அதைப் பார்த்தார், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கிளட்ச் கல்லாகிவிட்டது என்றார் நாச்சிமுத்து. பத்து வளைவு ஏறுவதற்குள் தொடை நடுங்குகிறதாம். கியரைக் கவனிப்பதா, காலைக் கவனிப்பதா என்று தெரியவில்லையாம். மருத்துவரோ கிளட்சே இல்லாத வண்டிக்கு மாறிவிடச் சொல்கிறார். வரும் ஞாயிறன்று கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மலையேற்றக் கார்ப் பந்தயம். இந்தக் காலோடு போனால் பாதி மலையில் வண்டி நிற்கும், ஊர் சிரிக்கும். அதன் பிறகு வண்டியைத் தொடவே மனம் வராது.

"வேறெதுவும் வேண்டாங்க டீச்சர். பெடலைப் பஞ்சு மாதிரி ஆக்கிக் கொடுங்க, போதும்."

ஜெனிட்டா குனிந்து, பெடலை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு ஓட்டுநர் இருக்கைக்கு அப்பால், இடப்பக்கத்து இருக்கையை நோக்கினார். அது காலியாக இருந்தது.

"ரவூப் அண்ணன் வரலீங்களா?"

அந்தப் பந்தயத்தில் ஒரு வண்டிக்கு இருவர். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் பக்கத்தில் அமர்ந்து, வரப்போகும் வளைவுகளைக் குறிப்பேட்டிலிருந்து வாசித்துச் சொல்வார். இருபத்திரண்டு ஆண்டுகளாக நாச்சிமுத்துவுக்கு வாசித்தவர், உக்கடத்தில் மரக்கடை வைத்திருக்கும் ரவூப்.

சென்ற பந்தயத்தில் நல்ல மழை. பதினோராம் வளைவை மூன்றாம் கியரிலேயே எடுத்துவிடலாம் என்று நாச்சிமுத்து துணிந்தார். ரவூப் குறிப்பேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டுக்கு வந்தால்தான் அடுத்த வரியைப் படிப்பேன் என்றுவிட்டார். நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டுக்கு வந்தார். கோப்பை இரண்டு நொடி வித்தியாசத்தில் கைநழுவியது. பரிசளிப்புப் பந்தலில், நாலு பேர் கேட்க, உன் பயத்தை இனி என் வண்டியில் ஏற்றாதே என்று நாச்சிமுத்து சொல்லிவிட்டார். ரவூப் தலைக்கவசத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நாற்பது நாளாகப் பேச்சில்லை.

"அவன் இனி வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேனுங்க."

"இருபத்திரண்டு வருஷமாச்சே அண்ணா."

"அத்தனை வருஷமும் இந்தப் பெடல் மாதிரிதான். எதுக்கும் எதிர்த்துக்கிட்டே நிப்பான்."

புதிதாகத் திலீபன் என்று ஒருவரைப் பார்த்துவைத்திருப்பதாகவும், கணினி நிறுவனத்துப் பொறியாளர் என்றும், சொன்னதற்கு மறுவார்த்தை பேசாத தங்கமான மனிதர் என்றும் நாச்சிமுத்து தெரிவித்தார். வாசிப்பவரின் பெயரை வியாழன் மாலைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். படிவம் சட்டைப்பையில் இருந்தது. பெயருக்கான இடம் இன்னும் நிரப்பப்படவில்லை.

ஏன் நிரப்பவில்லை என்று ஜெனிட்டா கேட்கவில்லை. பஞ்சு மாதிரியே வேண்டுமா என்று மட்டும் ஒரு முறைக்கு இருமுறை கேட்டார். ஆமாம் என்றார் நாச்சிமுத்து, இரண்டு முறையும்.

வியாழன் காலை, பந்தயம் நடக்கவிருந்த அதே தோட்டத்துச் சாலையின் அடிவாரத்தில் நாச்சிமுத்து பெடலை மிதித்தார். கால் தன்போக்கில் உள்ளே போயிற்று. மறுபடி மிதித்தார். முழங்கால் முனகவில்லை. ஐம்பத்து நான்கு வயது மனிதர், புதுச் செருப்பு வாங்கிய குழந்தையைப் போல அதையே ஐந்தாறு முறை செய்து பார்த்தார்.

ஆறாம் வளைவில் காத்திருப்பதாகவும், அதற்கு மேல் ஏற வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு ஜெனிட்டா தம் ஜீப்பில் முன்னே போனார்.

முதல் வளைவு வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போயிற்று. திலீபன் வாசித்தார், நாச்சிமுத்து ஓட்டினார், இருவருக்கும் இடையே ஒரு முணுமுணுப்பும் இல்லை. இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நாச்சிமுத்துவுக்குத் தோன்றியது. இரண்டாம் வளைவில் ஏதோ இழுவை குறைந்தாற்போல் இருந்தது. மூன்றாம் வளைவில் லேசாகக் கருகல் வாடை வந்தது.

"என்ன வாசம் திலீபா?"

"பக்கத்துல தேயிலை ஆலை இருக்கும் போலிருக்குங்க அண்ணா. வறுக்கிறாங்க."

நாச்சிமுத்துவுக்கும் அப்படியே இருக்கட்டும் என்றிருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தார்.

நான்காம் வளைவு செங்குத்தானது. எஞ்சின் அலறியது. எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள் ஏறியது. வண்டி ஏறவில்லை.

"சூப்பரா போகுதுங்க அண்ணா," என்றார் திலீபன், குறிப்பேட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

வண்டி பின்னோக்கி நகரத் தொடங்கியது. நாச்சிமுத்து கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினார். திலீபன் இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தார். அதைக் குறையில்லாமல் செய்தார். பிறகு, இழுவை வண்டிக்குச் சொல்லிவருகிறேன் என்று கைபேசிக்குச் சிக்னல் தேடிக் கீழே நடந்தார்.

சற்று நேரத்தில் மேலிருந்து ஜீப் இறங்கி வந்தது. ஜெனிட்டா ஒரு சாக்குப்பையையும் தேநீர்க் குடுவையையும் எடுத்துக்கொண்டு வந்து, சாலையோரக் கட்டைச் சுவரில் அமர்ந்தார். தேநீர் ஊற்றி முதலில் நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

"பெடல் எப்படி இருந்துச்சுங்க அண்ணா?"

"பஞ்சு."

"வண்டி?"

நாச்சிமுத்து குவளையைச் சுவர்மேல் வைத்தார். இப்படி ஆகும் என்று தெரிந்தே செய்தீர்களா என்று கேட்டார். குரலில் கோபத்தைவிட மனத்தாங்கலே மிகுந்திருந்தது.

தெரியும் என்றார் ஜெனிட்டா. அதனால்தான், தேய்ந்துபோய்த் தூக்கியெறிய வைத்திருந்த கிளட்ச் தட்டைப் போட்டுக் கொடுத்ததாகவும், கருகியது அது மட்டுமே என்றும், நல்லதெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றும் சொன்னார்.

"திங்கட்கிழமையே சொல்லியிருக்கலாமேங்க."

"திங்கட்கிழமை உங்க கால் ரொம்ப வலிச்சுது அண்ணா. வலிக்கிறப்போ யார் சொன்னாலும் காதுல ஏறாது."

சாக்குப்பையைத் திறந்தார். பெடல் பஞ்சாக வேண்டி, வலுக்குறைந்த வில்தகடு ஒன்றை வண்டியில் மாட்டியிருந்தார்; அதற்காகக் கழற்றிய பழைய வில்தகடு உள்ளே துணியில் சுற்றியிருந்தது. அதை நாச்சிமுத்துவின் கையில் கொடுத்தார். நல்ல கனம். விரலால் அதன் வில் ஒன்றை அழுத்திப் பார்த்தார் நாச்சிமுத்து. அது மயிரிழையும் அசையவில்லை.

"நீங்க மிதிக்கிறப்போ உங்க காலை எதிர்த்து நின்னது இதுதான். காலை எடுத்த பிறகு எஞ்சினையும் சக்கரத்தையும் சேர்த்து வெச்சிருந்ததும் இதுதான்."

நாச்சிமுத்து தகட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

ஜெனிட்டா பையிலிருந்து பழைய கிளட்ச் கேபிளையும் எடுத்தார். உறைக்குள் இருந்த கம்பியை இழுத்துக் காட்டினார். அது துருவேறி, முறுக்கிக்கொண்டு, பாதியில் சிக்கி நின்றது.

"அத்தனை கடினமும் தகட்டால வந்ததில்லீங்க. பாதி இதால. போன பந்தயத்துல மழைத்தண்ணி உள்ளே இறங்கியிருக்கு. அதுக்கப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கலை."

கேபிளைப் புதிதாக மாற்றியிருப்பதாகச் சொன்னார். இன்றைக்கே வண்டியைப் பட்டறைக்கு இழுத்துப்போய்ப் பழைய வில்தகட்டையும் நல்ல கிளட்ச் தட்டையும் மாட்டிவிடலாம், சனிக்கிழமைக்குள் ஆகிவிடும். ஓட்டுநர் இருக்கையையும் இரண்டு பல் முன்னே தள்ளப்போகிறாராம். சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோல் கிடந்து, காலை நீட்டி மிதித்தால் மூட்டுதான் பாரம் சுமக்கும். முழங்கால் மடிந்திருந்தால் தொடை சுமக்கும். வண்டி நிற்கும் இடத்தில் நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிட வேண்டும் என்று ஐந்து மாதமாய்ச் சொல்லிவருவதையும் நினைவூட்டினார். நாச்சிமுத்து தலையை ஆட்டினார்.

"இத்தனையும் பண்ணின பிறகும் கொஞ்சம் கடினமாத்தானுங்களே இருக்கும்?"

"இருக்கும்."

"வலிக்குமுங்களா?"

"சில நாள் வலிக்கும் அண்ணா. நாப்பது நாள் வலிக்காது."

கீழேயிருந்து திலீபனின் குரல் கேட்டது. இழுவை வண்டி அரைமணி நேரத்தில் வந்துவிடுமாம்.

நாச்சிமுத்து சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து, காரின் முன்மூடிமேல் விரித்தார். சூடு ஆறாத தகரத்தில் தாள் லேசாகச் சுருண்டது. ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுகையில் பேனாவை எடுத்தார். எழுதவில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்க அண்ணா."

"இந்த நாலாம் வளைவுல பக்கத்துல ரவூப் உட்கார்ந்திருந்தா, 'வண்டியை நிறுத்துடா மடையா, கிளட்ச் கருகுது'ன்னு கத்தியிருப்பான். இல்லீங்களா?"

ஜெனிட்டா குடுவையின் மூடியைத் திருகினார்.

"நாலாம் வளைவுக்கு நீங்க வந்திருக்கவே மாட்டீங்க அண்ணா. மூணாம் வளைவுலயே கத்தியிருப்பார்."