வண்டிவீட்டில் ஒரு தட்டுப் பொரி

“எலியா, நானா, ரெண்டுல ஒண்ணு இன்னைக்குத் தெரிஞ்சாகணுமுங்க சாமி” என்றார் நாச்சிமுத்து.

சாமி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

“எலி என்ன சொல்லுது?”

“அது என்னங்க சொல்லும்? சாமியோட மெத்தையைக் கடிச்சுப் பஞ்சை இழுத்துப் போட்டிருக்குது. அந்தப் பஞ்சுலயே குட்டி வேற போட்டிருக்குதுங்க.”

“எத்தனை குட்டி?”

“நான் எண்ணலீங்க.”

“நல்ல மெத்தை அது. எனக்கும் அதுல படுத்தா உடனே தூக்கம் வந்துரும்.”

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாமியிடம் அதைக் காட்ட முடியாது. துண்டை ஓங்கி உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

சாமியை எல்லோரும் வண்டிச்சாமி என்பார்கள். மற்ற சாமிகளுக்கு மடம் இருக்கும். இவருக்கு ஒரு பழைய மெட்டடார் வேன் இருந்தது. உள்ளேயே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, பாத்திரம் வைக்க அலமாரி, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி. சினிமாக்காரர்கள் வைத்திருந்தால் கேரவன் என்று சொல்லியிருப்பார்கள். சாமியுடையது என்பதால் வண்டிவீடு.

நாச்சிமுத்து அதன் டிரைவர். சீடரும் அவர்தான். மீசை கறுப்பாக இருந்தபோது ஸ்டீயரிங்கைப் பிடித்தவர், மீசை நரைக்கும்வரை விடவில்லை.

பிறகு சாமிக்கு முட்டி விட்டுப்போனது. பர்கூர் மலையடிவாரத்தில் ஊஞ்சக்காட்டு ஜனங்கள், “இந்த மழை முடியற வரைக்கும் இங்கயே இருங்க சாமி” என்று ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ மழை வந்து போய்விட்டது.

வண்டிக்கும் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை கிடைத்தது. அதற்கு ஒரு மாலை, ஒரு மணி, வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி. சாமியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் வண்டியைக் கும்பிடுவார்கள். பாதிப் பேர் அதோடு திருப்தியாகி வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

“சரி, என்னென்ன பண்ணிப் பாத்த?” என்றார் சாமி.

“அடியில இருந்த ஓட்டையெல்லாம் பாத்திரம் தேய்க்கற கம்பி நாரை வெச்சு அடைச்சனுங்க. பைப்பு போற சந்துக்குச் சிமெண்டு பூசுனேன். சன்னலுக்கு வலை அடிச்சேன். மூலைக்கு மூலை அந்துருண்டை, நொச்சித் தழை. பொறி வெச்சுப் புடிச்சு, ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயி விட்டுட்டும் வந்தனுங்க.”

“அப்புறம்?”

“எனக்கு முந்தி அது வந்து சேந்துருச்சுங்க.”

“பூனை?”

“அது கட்டில்ல ஏறிச் சுருண்டுக்குச்சு. எலி அதுபாட்டுக்கு வருது, போகுது. ரெண்டும் சம்பந்தி மாதிரி பழகுதுங்க.”

சாமிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பல்கூட இல்லாத வாய். சிரித்தால் குழந்தை சிரிப்பது போலிருக்கும்.

நாச்சிமுத்து சிரிக்கவில்லை.

“இப்ப ஒயரையும் கடிச்சுப் போட்டுருச்சுங்க. சாவியைத் திருப்புனா ஒரு முனகல்கூட இல்லை. அந்த வண்டியும் போயிருச்சுன்னா, அந்தக் காலத்துக்குன்னு எனக்கு மிஞ்சறது ஒண்ணுமே இல்லீங்க சாமி.”

பிறகு, கேட்க வந்ததைக் கேட்டார்.

“வண்டிக்குள்ள கொலை ஆகாதுன்னு சொல்லியிருக்கீங்க. நானும் இத்தனை காலம் ஒரு கொசுவைக்கூட அடிச்சதில்லை. இந்த ஒரு தடவை மருந்து வெக்கறதுக்கு உத்தரவு குடுங்க.”

சாமி மிச்சக் கஞ்சியைக் குடித்து முடித்தார்.

“அது எங்க வந்து திங்குது?”

“பொரித் தட்டுலங்க.”

“அப்ப அந்தத் தட்டுலயே வை” என்றார்.

பொரித் தட்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

அந்தக் காலத்தில் எந்த ஊரில் நின்றாலும், வெயில் தாழ்ந்ததும் நாச்சிமுத்து வண்டியின் பின்கதவைத் திறந்துவிடுவார். இருவரும் படியில் உட்காருவார்கள். நடுவில் ஓர் அலுமினியத் தட்டு. பொரி, வறுத்த கடலை, கிடைத்தால் ஒரு துண்டு வெல்லம். ஒரு நாள் பவானிக் கூடுதுறை. ஒரு நாள் திருமூர்த்தி மலை. ஒரு நாள் பெயரே ஞாபகமில்லாத ஏதோ ஒரு ரயில்வே கேட்.

கடலைக்குச் சாமி சண்டை போடுவார்.

“ஞானிக்கு இத்தனை கடலை ஆசை ஆகாதுங்க சாமி” என்பார் நாச்சிமுத்து.

“டிரைவருக்கு மட்டும் ஆகுமா?” என்று சாமி இன்னொரு பிடி அள்ளுவார்.

தட்டு காலியானதும் சாமி அதை முழங்கால்மேல் கவிழ்த்து வைத்து, இரண்டு விரலால் தாளம் போடுவார்.

“நாளைக்கு எந்த ஊரு, நாச்சிமுத்து?”

நாச்சிமுத்து வாய்க்கு வந்த ஊரைச் சொல்வார்.

“அங்க தண்ணி எப்படி?”

“நல்ல தண்ணிங்க.”

“அப்ப சரி.”

அவ்வளவுதான் பேச்சு. விடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். அதைவிடச் சுகமாக ஒரு மனிதன் இருந்துவிட முடியும் என்று நாச்சிமுத்துவுக்கு இன்றுவரை தோன்றியதில்லை.

அதனால்தான் இப்போதும் தினம் சாயங்காலம் வண்டிக்குள் ஏறுவார். சாமி உட்காரும் இடத்துக்கு எதிரே தட்டை வைத்துப் பொரி போடுவார். கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, பழைய ஊர்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பார். பிறகு இறங்கி, குடிசைக்கு வந்து, சாமிக்குக் கஞ்சி கொடுப்பார். அந்தக் கஞ்சியும் வாய்க்கு ருசிக்காது என்று நாச்சிமுத்துவே சொல்வார். ஊஞ்சக்காட்டுக் கிணற்றுத் தண்ணீர் அப்படி என்பார். இந்தத் தண்ணீரில் டீ போட்டால் அது டீயே இல்லை என்பார்.

வருகிறவர்களிடமெல்லாம் ஒரு புலம்பலும் உண்டு.

“சாமி இருந்த காலத்துல இந்த வண்டிக்குள்ள ஒரு எலி வந்ததில்லீங்க.”

சாமி பக்கத்துக் குடிசையில்தான் இருக்கிறார் என்று யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

உத்தரவு கிடைத்துவிட்டது. நாச்சிமுத்து உரக்கடைக்குப் போய் எலி மருந்துப் பொட்டலம் வாங்கி வந்தார். வெயில் தாழ்ந்ததும் வண்டிக்குள் ஏறினார். தட்டை வைத்தார். பொரியும் கடலையும் போட்டார். மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தார்.

சற்று நேரத்தில் குடிசை வாசலில் வந்து நின்றார். பொட்டலம் பிரிக்காமல் கையிலேயே இருந்தது.

“வெச்சுட்டியா?” என்றார் சாமி.

“கை வரலீங்க.”

“எலி மேல இரக்கமா?”

“எலி மேல எனக்கென்னங்க இரக்கம்? அது சாமி தட்டுங்க. சாமி திங்கற தட்டுல எப்படிங்க விஷத்தைக் கலக்கறது?”

“சாமி இங்கல்ல இருக்கறேன்?”

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

“இருக்கீங்க. ஆனா அது, அங்க இருந்த சாமிக்குங்க.”

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது.

சாமி கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

“அங்க இருக்கறவனுக்குப் பொரி. எனக்குக் கஞ்சி.”

“சாமிக்குத்தான் பல்லு இல்லீங்களே.”

“அவனுக்கு இருக்குதா?”

நாச்சிமுத்து பொட்டலத்தை மறு கைக்கு மாற்றினார்.

“எலிக்கு இருக்குது” என்றார் சாமி. “போ, அந்தப் பொட்டலத்தைப் புதைச்சுட்டு வா.”

வேலியோரம் ஆழமாகக் குழி தோண்டி நாச்சிமுத்து அதைப் புதைத்தார். மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். கிணற்றடிக்குப் போய், மனது சமாதானமாகும்வரை கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

திரும்பி வந்தபோது குடிசை காலியாகக் கிடந்தது.

கைத்தடியையும் காணோம்.

யாராவது பிடித்துக்கொள்ளாமல் சாமி நான்கு எட்டு வைத்தே பல காலமாகிறது. நாச்சிமுத்து “சாமி! சாமி!” என்று கத்திக்கொண்டு குடிசையைச் சுற்றி ஓடினார்.

கொட்டகையில் மணி ஒரு தடவை அடித்தது.

வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. சாமி படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் அலுமினியத் தட்டு. வேட்டியில் முழங்கால் பக்கமெல்லாம் மண். வழியில் விழுந்துதான் எழுந்து வந்திருக்கிறார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“என்னங்க சாமி இது! ஒரு சத்தம் போட்டிருந்தா நான் தூக்கிட்டு வந்திருக்க மாட்டனா?”

“பொரி எனக்குத்தான வெச்ச?”

“ஆமாங்க.”

“அதான் வந்தேன்.”

ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். மெல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு, பொரி ஊறட்டும் என்று காத்திருந்தார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

அவசரப்பட்டு விழுங்கியதில் புரைக்கேறிவிட்டது. நாச்சிமுத்து கிணற்றடிக்கு ஓடி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார். சாமி கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, நெஞ்சை நீவிவிட்டுக்கொண்டார்.

“உக்காரு” என்றார்.

நாச்சிமுத்து படியில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம், அதே பழைய இடத்தில்.

“பொரி எனக்கு ஆகும். கடலைதான் ஆகாது. அதை நீ தின்னு.”

சாமி தட்டிலிருந்த கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நாச்சிமுத்துவின் பக்கம் ஒதுக்கினார். ஒரு கடலைக்குக் கையைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்ட மனுஷன். நாச்சிமுத்துவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே தின்றார். தின்னத் தின்னத் தொண்டை அடைத்தது. சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார்.

“அப்பல்லாம் எலி வராதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறியே. ஏன் வரலை?”

“சாமியோட அருளுங்க.”

“அருளாவது, மண்ணாவது. எலிக்குன்னு நாம ஏதாச்சும் மிச்சம் வெச்சமா?”

நாச்சிமுத்து யோசித்துப் பார்த்தார். கூடுதுறையில் இல்லை. திருமூர்த்தி மலையில் இல்லை. அந்த ரயில்வே கேட்டிலும் இல்லை. தட்டில் ஒரு பொரி மிஞ்சியதாக அவருக்கு ஞாபகமே வரவில்லை.

மிச்சத்தையும் இருவரும் தின்றார்கள். கடைசிப் பொரியைச் சாமி விரலில் ஒற்றி எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

உள்ளே கட்டிலுக்கடியிலிருந்து எலி வந்தது. தினம் தட்டு இருக்கும் இடத்துக்கு நேராகப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. தரையை முகர்ந்தது. சாமியைப் பார்த்தது, நாச்சிமுத்துவைப் பார்த்தது. மெத்தைக்குள் போய்விட்டுத் திரும்பி வந்தபோது அதன் வாயில் ஒரு குட்டி இருந்தது. இருவருக்கும் நடுவே படியிறங்கிச் சோளக்காட்டுப் பக்கமாகப் போனது.

“அது கிளம்பிருச்சு” என்றார் சாமி.

தட்டை எடுத்து மண் ஒட்டிய முழங்கால்மேல் கவிழ்த்து வைத்தார். இரண்டு விரலால் தாளம் போட்டார்.

“நாளைக்கு எந்த ஊரு, நாச்சிமுத்து?”

நாச்சிமுத்து திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். டயர் நான்கும் காற்றிறங்கி, சுற்றிலும் புல் முளைத்திருந்தது. கடிபட்ட ஒயர் வெளியே தொங்கியது.

அப்புறம்தான் எதிரே பார்த்தார். இத்தனை காலமும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததில், இந்தப் படியிலிருந்து என்ன தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது. பர்கூர் மலைமேல் கடைசி வெயில் இருந்தது. சோளக்காட்டில் யாரோ மாட்டை அதட்டி ஓட்டிக்கொண்டு போனார்கள். கிணற்றில் ராட்டினம் கிறீச்சிட்டது.

சாமி தாளத்தை நிறுத்தவில்லை.

“இந்த ஊருதானுங்க சாமி” என்றார் நாச்சிமுத்து.

“அங்க தண்ணி எப்படி?”

நாச்சிமுத்து காலிச் சொம்பைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“நல்ல தண்ணிங்க.”