கேட்டில் கட்டிய சிவப்புத் துணி

மாதப்பனுக்கு முதலில் கெடுதல் செய்தவர் தர்மகர்த்தா போஜராஜ். அந்தப் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்க முடியாது.

நீலகிரியில் ஒரு நகரம். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே அம்மன் கோவில். வீடுகள் பெருகிக் காடு சுருங்கியது. கோவில் விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடிக்கக் கரடிகள் வரத் தொடங்கின. போஜராஜ்தான் கட்டுப்பாடு போட்டார். இரவு பூட்டும்போது விளக்கில் எண்ணெய் இருக்கக் கூடாது. கரடி உள்ளே போனதைப் பார்த்தவர் கேட்டில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணி இருந்தால் ஒருவரும் நுழையக் கூடாது.

ஆடி வெள்ளியன்று, மகள் கல்யாணத்துக்கு நேர்ந்துகொண்டு, அவரே அந்தக் கேட்டில் சிவப்புப் பட்டு கட்டினார். விளக்கு நிறைய எண்ணெய் ஊற்றி, விடியும்வரை எரியட்டும் என்றார். கோவில் கூட்டும் மாதப்பன் தயங்கினார்.

"ஐயா, கேட்டுல சிவப்பு இருக்குதே. காலையில உள்ள போறதா, வேண்டாமா?"

"ஏன் மாதப்பா, இது அம்மன் கோவிலா, கரடி கோவிலா? பேசாம உள்ள போய்க் கூட்டு."

கூட்டம் சிரித்தது.

மறுநாள் விடியலில், பின்சுவர் ஏறிக் கரடி உள்ளே குதித்ததைக் காவல்காரர் காரியப்பன் பார்த்தார். பட்டின் மேலேயே தன் சிவப்புத் துண்டைக் கட்டிவிட்டு, வனத்துறைக்குச் சொல்ல ஓடினார். பனிமூட்டத்தில் துடைப்பத்தோடு வந்த மாதப்பன் சிவப்பைப் பார்த்தார். நேர்த்திக்கடன் துணிதானே என்று நுழைந்தார். எண்ணெய் வழியும் வாயோடு கரடி திரும்பியது.

மாதப்பனின் இடது கண் போயிற்று. கரடியைக் கூண்டில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

ஊர் கூடியது.

"எண்ணெய அம்மனுக்கு ஊத்தினேன். துணியப் பார்த்தும் உள்ள போனது யாரு?" என்றார் போஜராஜ்.

"நான் கட்டிட்டுத்தானே போனேன், அண்ணே" என்று காரியப்பன் அழுதார்.

மாதப்பனின் கண்ணுக்கு யார் பதில் சொல்ல வேண்டும்?

விடை: கரடி பசிக்கு வந்தது, அதன்மேல் வழக்கில்லை. மாதப்பன் கேட்டுக்கொண்டுதான் நுழைந்தார். காரியப்பன், முன்தினமே செத்துப்போன அடையாளத்தின்மேல் இன்னொன்றைக் கட்டினார். கேட்டருகே நின்று தடுத்திருக்க வேண்டும். அது அவருக்கே தெரியும். ஆறு மாதம் தினமும் வந்து புண்ணுக்கு மருந்து போட்டார். அந்த அடையாளத்தைச் சாகடித்தவர் போஜராஜ், பதிலும் அவருடையதுதான். மாதப்பன் கண்ணையா திருப்பிக் கேட்கிறார்? 'நான் சொல்லித்தானே உள்ளே போனாய்' என்று ஊர் முன்னால் போஜராஜ் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று ஆடி போய்விட்டது. கடைவீதியில் எதிர்ப்பட்டால், போஜராஜ் இன்றும் மாதப்பனின் இடது பக்கமாகவே ஒதுங்கிக் கடந்து போகிறார்.