கரையான் ராணியின் வாசலில்லாத அறை

புழு பூச்சிகளெல்லாம் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், ஒரு வேலமரத்துக்கு மேற்கே கரையான் நாடும் கிழக்கே எறும்பு நாடும் இருந்தன. கரையான்களின் தலைவி வெண்ணாச்சி கெட்டிக்காரி. எங்கே தோண்டினால் ஈரம் கிடைக்கும், எந்தச் சுவரை உயர்த்தினால் காற்று வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. புற்றுக்குள் விளையும் காளானில் வேலையாளுக்கு ஓர் உருண்டை என்றால் அவளுக்கு இரண்டு. அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

ஒருநாள் ஊர் சுற்றும் வண்டு ஒன்று வந்து, "தேனீ நாட்டில் தலைவிக்கென்றே தனிச் சாப்பாடு தயாராகிறதே, தெரியாதா? மற்றவர்கள் அதைத் தொடக்கூட முடியாது" என்றது.

வெண்ணாச்சிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நானும் அதே வேலையைத்தானே பார்க்கிறேன் என்று மனம் அரித்தது. எறும்புத் தலைவி காரியிடம் போய்ச் சொன்னாள்.

"எங்கள் ஊரில் அது நடக்காதம்மா," என்றாள் காரி. "எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். என் பங்கு கொஞ்சம் கூடினாலும் அத்தனை கண்ணும் என் மேல்தான். எனக்கே கூசும்."

எங்கள் ஊரில் நான் தனியறையில்தானே சாப்பிடுகிறேன் என்று நினைத்தபடி திரும்பினாள் வெண்ணாச்சி. மறுநாள் ஊரைக் கூட்டினாள்.

"தேனீக்கள் தருவதை நீங்களும் தாருங்கள். இல்லையென்றால் நான் அங்கே போய்விடுவேன்."

கரையான்கள் நடுங்கிப்போனார்கள். மூத்த வேலையாள் சொக்கன் மட்டும், "தாயி, கரையானைத் தேனீக்கள் சேர்த்துக்கொள்வார்களா?" என்று கேட்டான். மற்றவர்கள் அவன் வாயை அடக்கினார்கள். தங்கள் வயிற்றைக் கட்டி அவளுக்கு ஊட்டினார்கள். வண்டு புதுச் சேதி கொண்டுவரும்போதெல்லாம் பங்கு ஏறியது. வெண்ணாச்சி பருத்துக்கொண்டே போனாள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. வெள்ளம் புற்றின் அடியைத் தொட்டதும் எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்தார்கள். காரியும் ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு கூடவே நடந்தாள். கரையான்களும் கிளம்பினார்கள். ஆனால் வெண்ணாச்சியால் அறை வாசலைத் தாண்ட முடியவில்லை. இழுத்தும் தள்ளியும் பார்த்தார்கள். உடம்பு அசையவில்லை.

"என்னை விட்டுவிட்டுப் போங்கள்," என்றாள் வெண்ணாச்சி.

"போகிற இடத்தில் எங்கே தோண்டுவதென்று யார் சொல்வார்கள், தாயி?" என்றான் சொக்கன்.

எல்லோரும் திரும்பி வந்தார்கள். எச்சிலில் மண்ணைக் குழைத்து, வாசலையும் அடைத்து, அவளைச் சுற்றிக் கெட்டியாகச் சுவர் எழுப்பினார்கள். அந்த வேலையில் பாதிப் பேரை வெள்ளம் கொண்டுபோனது. சொக்கனும் போனான்.

மழை விட்டபோது வெண்ணாச்சி உயிரோடு இருந்தாள். "இனி எனக்கு ஓர் உருண்டை போதும்," என்று உள்ளிருந்து சொன்னாள். கேட்பார் இல்லை. பங்கைக் குறைத்தால் தலைவி போய்விடுவாள் என்ற பயம் அவர்களுக்குப் பழகிவிட்டிருந்தது. சின்னத் துளை வழியே ஊட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அன்று முதல்தான் எறும்பு ராணி தன் கூட்டத்தோடு நடந்தே இடம் மாறுகிறாள். கரையான் ராணியோ ஊதிய உடம்போடு, வெளிச்சம் காணாமல், மண்ணறைக்குள்ளேயே கிடக்கிறாள்.